ஓட்டு வேண்டாம், ஆட்டம் வேண்டும்

1971 அக்டோபர் 29, வெள்ளி.

முதலில் என் தவறை எழுதிவிடுகிறேன். லீக் கமிட்டிக்குத் தயாரித்த தாளில் எங்கள் அணி ஆட்டக்காரன் ழான்-கியின் பதினான்கு கஜ ஓட்டத்தை நாற்பத்தொன்று என்று தட்டச்சு செய்திருந்தேன். கூட்டத்துக்குச் சற்று முன்னால்தான் கண்ணில் பட்டது. எல்லாப் பிரதிகளையும் தாழ்வாரச் சுவரில் வைத்துப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தேன்.

"இன்னும் நேரமிருக்கும்மா. வாபஸ் வாங்கிக்கோ," என்றார் பின்னாலிருந்து மணிவாசகம் சார்.

அவர் இயற்பியல் பேராசிரியர். நகரத்துச் சிறு கல்லூரிகளின் ஃபுட்பால் லீகுக்குச் செயலாளரும் அவர்தான். நம்மூர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இந்த ஊர் ஆட்டம். கோட்-டெ-நெய்ஜ் பேட்டையில் என் அறைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தீபாவளிக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டவர்.

எங்கள் லீகில் எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. சீசன் முடிந்ததும் கமிட்டியிலுள்ள ஆறு அணிகளின் பயிற்சியாளர்களும் செயலாளருக்குத் தொலைபேசியில் ஓட்டுச் சொல்வார்கள். தன் அணிக்குப் போடக் கூடாது. அதிக ஓட்டு வாங்கிய அணி சாம்பியன். மாலைக் கல்லூரியான எங்களுக்கு அந்தப் பட்டம் வந்ததே கிடையாது. எங்கள் ஆட்கள் பகலில் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரித் தரை துடைக்கிறவர்கள். அவர்களுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?

இந்த வருஷமும் கோப்பை இல்லையென்றால் அணியைக் கலைத்துவிடுவதாக எங்கள் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். புள்ளியியல் வகுப்புப் பயிற்சிக்காக அவர்கள் ஓடும் தூரத்தைக் குறிக்கப் போனவள் நான். இப்போது சனிக்கிழமைகளில் நான் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு இந்த ஊரில் அவர்களை விட்டால் ஆளில்லை. அனுசூயா என்று சொல்ல வராது, 'சூ' என்பார்கள்.

அதனால்தான் இந்த யோசனை. ஓட்டு வேண்டாம். சிறந்த நான்கு அணிகள் அரையிறுதி, இறுதி என்று மோதட்டும். ஜெயிப்பவர் சாம்பியன்.

"யோசனை நல்லாத்தான் இருக்கு," என்றார் சார். "அடுத்த வருஷத்திலேர்ந்துன்னு ஒரு வரி சேத்துக்கோயேன்."

"அடுத்த வருஷம் அணியே இருக்காது சார்."

"நான் சொல்றதக் கேளு. இந்த வருஷம் வேண்டாம். இதுக்கு மேல நான் பேசக் கூடாது."

நம்மவர்கள் எல்லோரும் சொல்வதுதான். பிழைக்க வந்த இடத்தில் வாயைத் திறக்காதே, இருக்கிற இடம் தெரியாமல் இரு. எனக்குக் கோபம் வந்தது. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்ற பயமும் வந்தது.

சார் உள்ளே போனார். ழான்-கி நொண்டிக்கொண்டே வந்தான். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக் அவன்தான். போன சனிக்கிழமை முழங்கால் பிசகியது. இன்னும் வீக்கம் வடியவில்லை.

"உங்க ஊர்க்காரர் என்ன சொல்றார், சூ?"

"பயப்படறார்."

"நீ?"

"நானும்தான்."

"நல்லதாப் போச்சு. மூணு பேரையும் சேத்தா ஒரு முழு ஆள் தேறும்."

"கால் சரியாயிடுமா?"

"ஆகாது. ஒத்தக் கால்ல ஆடறேன். நீ ஆட்டத்தை மட்டும் வாங்கிக் குடு."

கூட்டத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கஜக் கணக்கு, புள்ளிக் கணக்கு எல்லாம் படித்தேன். யாரும் தலை நிமிரவில்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தாளை மேஜையில் வைத்துவிட்டேன்.

"நீங்க எங்களுக்கு ஓட்டுப் போட மாட்டீங்க, தெரியும்," என்றேன். "ஒரு தடவை நேருக்கு நேரா மோத விடுங்க. தோத்தா கலைஞ்சு போறோம். மோதாமலே எங்களைக் கலைச்சுடாதீங்க."

கைக்கடிகாரத்தைப் பார்த்தவரும் நிமிர்ந்தார்.

"இது அடுத்த வருஷத்துக்குத்தானே?" என்று கேட்டார் மணிவாசகம் சார்.

"இந்த வருஷத்துக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"இந்த வருஷத்துக்குத்தான் சார்."

ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் ஆறு பயிற்சியாளர்களின் கைகளும் உயர்ந்துவிட்டன. உடனே சீட்டுக் குலுக்கினார்கள். பனி கொட்டத் தொடங்கும் முன் முடிக்க வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையே அரையிறுதி. எங்களுக்கு விழுந்தது புவாண்ட்-கிளேர் பக்கத்துப் பகல் கல்லூரி. அங்கே ஒவ்வொருவனும் பீரோ மாதிரி இருப்பான்.

பரவாயில்லை. வெளியே ழான்-கி வலியை மறந்து குதித்தான். மற்றவர்களுக்குச் சொல்ல நொண்டிக்கொண்டே ஓடினான்.

தாழ்வாரம் காலியானதும் சார் வந்தார். அவர் முகத்தைப் பார்த்து, சொல் கேளாததற்குத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"மன்னிச்சிடுங்க சார். எனக்கு வேற வழி தெரியல."

"இனிமே சொல்லலாம். காப்பாத்தறதுக்கு ரகசியம் ஒண்ணும் மிச்சமில்ல."

"என்ன ரகசியம்?"

"ஓட்டெல்லாம் முந்தாநாளே வந்தாச்சும்மா. நாலு பேர் உங்களுக்குத்தான் போட்டிருந்தாங்க. தான் ஒருத்தன்தான் போட்டோம், எப்படியும் தோத்துடுவீங்கன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுக்கிட்டு, பாவம், உனக்காகக் கையைத் தூக்கிட்டாங்க."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் கோட்டு மாட்டிக்கொண்டார்.

"உன் தீர்மானம் முடிஞ்சதும் அறிவிக்கறதா இருந்தேன். அந்த ஓட்டு நின்னிருந்தா நீங்கதான் சாம்பியன்."

நாளை காலை எட்டு மணிக்கு மைதானத்தில் பயிற்சி. ழான்-கிக்குப் பதில் பந்து எறிய இன்னொரு ஆளைத் தேட வேண்டும்.