முப்பத்தொன்றாம் அத்தியாயம்

"பாய், முப்பத்தொன்னாம் அத்தியாயத்தக் காணோம்! ஊரே திருட்டுப் பசங்களாப் போச்சா?"

கண்ணையா போட்ட சத்தத்தில் உக்கடம் பைண்டர் ஜபருல்லாவின் பசைக் கிண்ணமே ஆடியது.

பாலக்காட்டுக் கணவாயில் ஆள் வந்தால் ஆளை, மாடு வந்தால் மாட்டை மடக்கிய கொள்ளைக் கூட்டத்தைப் பற்றிய சரித்திரத் தொடர் அது. தொண்ணூற்று மூன்றில் வாரப் பத்திரிகையில் வந்தது. ஒவ்வொரு வாரமாகச் சேர்த்து, பைண்டு பண்ணக் கொடுத்திருந்தார் கண்ணையா. அட்டையில் தங்க எழுத்தில், 'சம்பந்தி கோபாலசாமிக்கு அன்பளிப்பு.'

கோபாலசாமி ரிட்டயர்டு சப்-ரிஜிஸ்திரார். எதற்கெடுத்தாலும் முறுக்கிக்கொள்ளும் ஆசாமி. சரித்திரக் கதை என்றால் மட்டும் உயிர்.

"நாளைக்கு எம்பொண்ணு மானசாவுக்கு நிச்சயம், பாய். கொள்ளைக்காரத் தலைவன் மாட்டுனானா தப்பிச்சானாங்கிறதே அதுலதான் வருது. அரைகுறையாக் குடுத்தா அந்த மனுசன் மூஞ்சியத் திருப்பிக்குவாருங்க!"

"மொதலாளி, சித்த உக்காருங்க."

"என்னத்த உக்காருறது? வருசம் பூரா நாயா அலைஞ்சு சேத்துனது. அடுத்தவன் பொருள எடுக்கறவன் உருப்படுவானா?"

நோட்டு பைண்டு பண்ண வந்திருந்த கனகம் டீச்சர், ஜபருல்லாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஜபருல்லாவின் முகம் சுண்டிப்போனது. முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு பேச்சு கேட்டதில்லை. ஆனாலும் டீச்சர் படியிறங்கிப் போகும்வரை வாயைத் திறக்கவில்லை.

"நாந்தானுங்க எடுத்தேன்."

"அப்படி வாங்க வழிக்கு! போலீசக் கூப்பிடட்டுமா?"

ஜபருல்லா மேஜை டிராயரிலிருந்து இரண்டு தாளை எடுத்து நீட்டினார்.

"மத்த அத்தியாயத்துலயெல்லாம் பல் டாக்டர் சீலு, லைப்ரரி சீலு, கிளப்பு சீலு அத்தனையும் ஓரத்துல இருந்துச்சுங்க. வெள்ளத்தாள் ஒட்டி மறைச்சுப்போட்டேன். இதுல நாலு பக்கமும் கதை மேலயே குத்தியிருக்குதுங்க. ஒட்டுனா கதை போயிரும். ஒட்டாட்டி கல்யாணம் போயிருமுங்க."

அதை எங்கே கிழித்தோம் என்பதே கண்ணையாவுக்கு மறந்து போயிருந்தது. தாளை வாங்கிப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்று, உள்ளேயிருந்து காபி வருவதற்குள்.

கொள்ளைக்காரத் தலைவன் கையும் களவுமாகப் பிடிபடும் வரியின் மேல், வயலட் மையில் பளிச்சென்று இருந்தது: 'வி. கோபாலசாமி, ரிட்டயர்டு சப்-ரிஜிஸ்திரார், ஆர்.எஸ்.புரம்.'