ஈர அட்டை வாசம்

முதல் வாய் உள்ளே போனதுமே பொய் சொல்வது என்று முடிவெடுத்துவிட்டேன்.

பீர் அவ்வளவு நன்றாக இருந்தது.

என் கணவர் மேசையின் அந்தக் கோடியில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. பக்கத்தில் வந்தால் வாசம் கையை இழுத்துவிடும் என்று அவரே போட்டுக்கொண்ட தூரம் அது.

இருபத்தாறு வருடமாகப் பீர் காய்ச்சுகிறவர். ஆலையில் எல்லோருக்கும் இவர் 'மூக்கர்'தான். ஏழு மாதத்துக்கு முன்பு, ஈரல் இருக்கிற நிலைமைக்கு இனி ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவருக்கு நாக்கு நான். ஒரு தொட்டி பீர் தயாரானதும், காலை பத்து மணிக்கு, வாயில் வேறு ருசி ஏறுவதற்கு முன்னால் நான் குடித்துச் சொல்வேன். இவர் எழுதிக்கொள்வார்.

இந்தத் தடவை காய்ச்சியது ஜெர்மன் முறைக் கோதுமை பீர். அதுவும் லேசானது இல்லை, எட்டு சதவீதம். கசப்புக்கும் வாசத்துக்கும் போடுகிற ஹாப்ஸ் பூவை மூன்று தடவை கொட்டியிருந்தார். இதில் பாதி போதுமே என்று ஆலையில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். பத்து வருடமாக மனசுக்குள்ளேயே காய்ச்சிக்கொண்டிருந்த பீராம். அடுப்பிலிருந்து இறக்கிய அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டார்.

"இது மட்டும் நல்லா வந்துட்டா, ஒரே ஒரு வாய் குடிச்சுக்கறேன்மா. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் கேக்க மாட்டேன்."

இவருடைய ஒரு வாய் எனக்குத் தெரியாதா? ஒரு துண்டு போதும் என்று உட்கார்ந்து முழு கேக்கையும் முடித்த மனுஷன்.

முதலில் உள்ளது உள்ளபடிதான் சொன்னேன். நிறம் கலங்கலான ஆரஞ்சு. நுரை ஒரு விரல் உயரத்துக்கு நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தோல் கறுத்துக் கனிந்த வாழைப்பழம். அதற்குப் பின்னால் லேசாகக் கிராம்பு. பிறகு ஹாப்ஸ். ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் கண்ணில் தெறிக்குமே, அந்த வாசம்.

வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, மெத்தென்று. இவ்வளவுதானா என்று நினைக்கும்போது கசப்பு வருகிறது. சாப்பாடு முடிந்தும் கிளம்பாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்றும் தோன்றுகிறது. கடைசியில் நெஞ்சுக்குள் ஒரு சூடு.

அந்தச் சூட்டை நான் சொல்லவில்லை. அதற்குள் இவர் எச்சில் விழுங்குவதைப் பார்த்துவிட்டேன்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள் நான். இந்த மனுஷன் எனக்கு இன்னும் ரொம்ப நாளைக்கு வேண்டும்.

இவர் சொல்லிக்கொடுத்த குறைகளில் ஒன்றைத் தேடினேன். கசப்பு ஜாஸ்தி என்றால், இன்னும் இரண்டு வாரம் வைத்துப் பார்க்கலாம் என்பார். வாசம் பத்தாது என்றால், நாலாவது தடவையாக ஹாப்ஸைப் போடுவார். எதைச் செய்தும் திருத்த முடியாத குறை என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"ஆனா கடைசில ஈர அட்டை வாசம் வருதுங்க, நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி," என்றேன்.

இவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு குனிந்து, நிதானமாக, நாலைந்து வரி எழுதினார். நோட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"சரிம்மா. நான் பாத்துக்கறேன்."

தொட்டி அறைக்குப் போய்விட்டார்.

அட்டை வாசம் வந்த பீர் சாக்கடைக்குத்தான் போகும். அதில் இவர் யாருக்கும் தாட்சண்யம் பார்த்ததில்லை. ஆயிரம் லிட்டர். பத்து வருட ஆசை. பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டோம் என்று இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போய்த் தடுத்தால் அந்த ஒரு வாயைக் குடித்துவிடுவார். நோட்டிலாவது உண்மை இருக்கட்டும், அந்த வரியை அடித்துவிடலாம் என்று அதை எடுத்தேன். ஏழு மாதத்தில் முதல் தடவையாகத் திறக்கிறேன்.

வாழைப்பழம் இல்லை. கிராம்பு இல்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.

'முகர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். வாசம் சரி.'

'முதல் வாய். சிரித்தாள். சிரித்தது அவளுக்கே தெரியாது.'

'கசப்பு. புருவம் ஏறி, உடனே இறங்கிவிட்டது. அளவு சரி.'

போன மாதத்துப் பக்கத்தைப் புரட்டினேன். 'நன்றாக இருக்கிறது என்கிறாள். உதடு ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீராக இருக்கிறது போல.' அதற்கு முந்தைய மாதமும் என் முகம்தான். நான் பீரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இன்றைய பக்கத்துக்குத் திரும்பி வந்தேன்.

'அட்டை வாசம் என்கிறாள். மாதக்கணக்கில் பாட்டிலில் கிடந்து பழசானால் வருவது அது. இப்போதுதான் தொட்டியிலிருந்து பிடித்துக் கொடுத்தேன். சொல்லி முடித்த கையோடு மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டாள்.'

கோப்பையைப் பார்த்தேன். உள்ளே நுரை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போது குடித்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நகரும் சத்தம் கேட்டது.

கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது.

'பிரமாதமாக வந்திருக்கிறது, இன்றைக்கே பாட்டிலில் அடைக்கலாம். எனக்கு அந்த ஒரு வாய் வேண்டாம் என்று அவளிடம் சொல்ல வேண்டும், ரொம்பப் பயந்துபோயிருக்கிறாள்.'