தலைவரின் இடது கன்னம்

“என்னங்க, சுவரொட்டியில தலைவர் கன்னத்துல கறுப்பா ஏதோ இருக்கு!”

“டோனர் மைத்தூளா இருக்கும், தட்டிவிடு” என்றார் அச்சகக்காரர் மனைவியிடம்.

“எல்லாத் தாள்லயும் அதே இடத்துலயே இருக்கே?”

அச்சகக்காரர் லேசர் பிரிண்டரைத் திறந்து பார்த்தார். படத்தைத் தாளில் பதிக்கும் டிரம்மில் ஒரு கீறல். முதல் கட்டுச் சுவரொட்டிகளைக் கட்சிக்காரர்கள் காலையிலேயே கொண்டுபோய் ஒட்டிவிட்டார்கள்.

“போன வருஷம் தலைவரோட வழுக்கை தெரியிற மாதிரி அடிச்சவர் இன்னும் கட்டுப்போட்ட காலோடதான் நடக்கிறாராம்” என்று மனைவி தைரியம் சொன்னாள்.

டிரம்மை மாற்றி, வழவழப்பான ஆர்ட் பேப்பரில் புதிதாக அடித்தார்கள். கன்னம் பளிச்சென்று வந்தது. தாளின் சூடு ஆறுவதற்குள் கட்சிச் செயலாளர் உள்ளே நுழைந்தார்.

“ஐயா, பழசையெல்லாம் கிழிச்சுடுங்க. இதோ புதுசு...” அச்சகக்காரர் தாளை நீட்டினார்.

பார்த்த செயலாளரின் முகம் வெளிறியது. “மச்சம் எங்கேய்யா?”

“எ... எந்த மச்சம்?”

“மெதுவாப் பேசு! சுவரொட்டியைப் பார்த்துட்டு இதென்னன்னு தலைவர் கேட்டார். தப்புன்னு சொல்ல யாருக்குய்யா தைரியம்? உங்க பிறவி மச்சம்தானேன்னு சொல்லிட்டோம். அவரும் ஆமான்னுட்டார்.”

வாசலில் வந்து நின்ற தலைவரின் காரில் கண்ணாடி இறங்கியது. தலைவரின் இடது கன்னத்தில் மையால் வைத்த ஒரு மச்சம். அச்சகக்காரர் கும்பிட்டார். தலைவர் கைக்குட்டையால் வியர்வையைத் துடைத்தார். மச்சம் காதுவரை இழுபட்டது.



செயலாளர் அச்சகக்காரரின் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்: “அதையும் சேர்த்து அடிச்சுடு.”