பட்டியலில் கடைசி ஊர்

மாமனைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள் என்று தங்கமாரி ஊரைவிட்டு ஓடிவந்து எட்டு மாசம் ஆகிறது. சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கம்பெனியில் வேலை. தங்கச்சியோடு மட்டும் நெட்டில் பேசுவாள். அதை வைத்தே தன் இருப்பிடத்தை மாமன் கண்டுபிடித்துவிடுவானோ என்று பயம்.

ஷிஃப்ட் முடிந்து, கழுத்து ஐடி கார்டைக்கூடக் கழற்றாமல் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட் ஜோவிதா அவள் போனில் ஐபி முகவரியை மறைக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள்.

"எந்த ஊரைத் தொடறியோ, நீ அங்க கீறதாத்தான் காட்டும்."

சிங்கப்பூர், லண்டன், டோக்கியோ என்று ஓடிய பட்டியலின் அடியில் தங்கமாரியின் சொந்த ஊர் இருந்தது. பஸ்கூட உள்ளே வராத ஊரை எவன் இதில் சேர்த்தான்? பார்த்துவிடலாமே என்று தொட்டாள்.

உடனே தங்கச்சி போனில் கூப்பிட்டாள். "எக்கா, எப்பம் வந்த? அடுப்படியில நின்னு தண்ணி குடிக்கியே. மாமா வாராவ, போயிரு."

தங்கமாரி ஆப்பை அணைத்தாள்.

"போயிட்டியா?" தங்கச்சியின் குரல் தாழ்ந்தது. "கீழ என்னமோ கார்டு கெடக்கு. மாமா எடுத்து வாசிக்காவ."

தங்கமாரி கழுத்தைத் தடவினாள். நாடா மட்டும் இருந்தது.