படத்துக்கு அடியில் ஒரு பொத்தான்

அவசரமாக ரத்தம் கேட்கும் ஒரு வலைப்பக்கத்தில் 'நான் தருகிறேன்' என்றொரு சிவப்புப் பொத்தான் இருந்தது. தன் வளைந்த முனைகள்மேல் அதற்கு அத்தனை பெருமை. புதிய பிரவுசர்களில் ஜம்மென்று நின்றது. ஒரு பழைய போனின் பிரவுசரிலோ அந்தப் பக்கத்தின் படத்துக்கு அடியில் போய் மறைந்து மாட்டிக்கொண்டது. அழுத்த வந்த விரல் அதைத் தேடித் தேடி அலைந்தது.

"உனக்குக் கண்ணு தெரியலையா? என்னை எங்க வச்சிருக்க?" என்று பொத்தான் எரிந்து விழுந்தது.

"மேலேருந்து இவ்வளவு தள்ளித்தான் நிப்பேன்னு நீதானே அடம்பிடிக்கிற? என் சின்னத் திரையில அங்க படம் இருக்கு," என்றது பழைய பிரவுசர்.

"அப்போ, 'வேறு பிரவுசரில் திறக்கவும்'னு ஓர் அறிவிப்பு போட்டுடுறேன்."

"போடு. அந்த விரலுக்கு வேற போன் யார் வாங்கித் தருவா?"

பொத்தானுக்குச் சுருக்கென்றது. விரல் பக்கத்தை மூடப் பார்த்தது.

"சரி, படம் எங்க முடியுதோ அதுக்குக் கீழ நிக்கிறேன். எல்லா பிரவுசர்லயும் அப்படியே."

"உன் வளைவெல்லாம் வரைய எனக்கு வராதே?"

"வராட்டிப் போகுது!"

அட்டைப்பெட்டி மாதிரிக் கூரான முனைகளோடு பொத்தான் வெளியே வந்தது. தன் கோலத்தைப் பார்த்துக்கொள்ளக்கூட அதற்கு நேரமில்லை. அதற்குள் விரல் அழுத்திவிட்டது.