இன்னொரு சீட்டு

பதினோரு மணிக்கு இன்டர்வியூ. எட்டு மணிக்கு, "வயிறு வலிக்குது, இன்னிக்குப் போகலை" என்று சுருண்டு படுத்த தம்பி, எட்டரைக்கு டையெல்லாம் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தான். எதிரே அவன் பெண்டாட்டி.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். தம்பிக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறதே, ஆறுதல் சொல்லலாம் என்று வந்தாள். வந்த ஐந்து நாளில் ஆறுதலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது.

"வேலை இல்லாதவனை உட்கார வெச்சு சூதாடுறா. குடும்பம் வெளங்கிடும்!" என்றாள் சுவரைப் பார்த்து. சுவர் எதிர்த்துப் பேசாது, பாருங்கள்.

"காசு வெச்சு இல்லக்கா, துணிக்கு மாட்டுற கிளிப்புதான்" என்றான் தம்பி. ஆளுக்குப் பத்து கிளிப்.

ஆட்டம், பிளாக்ஜாக். வேலை போன பிறகு அவன் புத்தகம் வாங்கி ஒழுங்காகப் படித்த ஒரே பாடம். தினமும் அதைப் பெண்டாட்டிக்குப் புரொபசர் தோரணையில் நடத்துவான்.

"மறுபடி சொல்றேன், கேளு. இருபத்தொண்ணைத் தொடலாம், தாண்டக் கூடாது. ராஜா, ராணி, ஜாக்கி எல்லாமே பத்து. ஏஸை ஒண்ணாவும் வெச்சுக்கலாம், பதினொண்ணாவும் வெச்சுக்கலாம். சீட்டுப் போடுற நான், பதினாறு வரைக்கும் எடுத்தே ஆகணும், பதினேழு வந்தா நின்னே ஆகணும். யோசிக்கிற உரிமை உனக்கு மட்டும்தான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

அவள் கையில் பதினாலு. அவன் பக்கம் திறந்து வைத்த சீட்டு ஆறு.

"இன்னொரு சீட்டு போடுங்க."

ராணி வந்தது. இருபத்து நாலு. அவுட்.

"அடிப்பாவி! என் பக்கம் ஆறுன்னா, நான் எடுத்து எடுத்துத் தாண்டிடுற நேரம். நீ சும்மா இருந்தாலே போதும்!"

அடுத்து அவளுக்குப் பன்னிரண்டு. அவன் பக்கம் ராஜா.

"எனக்குப் போதுங்க."

"இப்பத்தானே எடுக்கணும்!" அவன் மூடிய சீட்டைத் திருப்பினான். ஒன்பது. ஒரு கிளிப் இடம் மாறியது.

அடுத்து இரண்டு பத்து. கையில் முழுசாக இருபது. அதைப் பிரித்து இரண்டு ஆட்டமாக ஆடி, இரண்டிலும் தோற்றாள்.

ஒரே ஒரு தடவை ஏஸும் ராஜாவும் சேர்ந்து விழுந்தன. எடுக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், நேராக வெற்றி. அதற்கு அவள் முகம் தொங்கிப்போயிற்று. ஜெயித்ததுகூடத் தெரியாத ஜென்மம் என்று அக்கா முடிவு கட்டினாள்.

ஒன்பதரைக்கு அவள் பக்கம் கிளிப் காலி. தம்பி எழுந்தான். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"எத்தனை பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டாலும் சரி, இன்னிக்கு ஒரு கை பாத்துடறேன்" என்று ஃபைலை எடுத்துக்கொண்டு, விசிலடித்தபடி படி இறங்கினான். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

கதவு சாத்தியதும் அக்கா ஆரம்பித்தாள்.

"ஏம்மா, ஒரு விஷயம் ஒழுங்கா மண்டையில ஏறாதா? சோபாவுல உட்கார்ந்து காதால கேட்ட எனக்கே முழு ஆட்டமும் வந்துடுச்சு. எடுக்க வேண்டிய இடத்துல நிக்குறே, நிக்க வேண்டிய இடத்துல எடுக்குறே. எங்க ஸ்கூல்ல சரியா தப்பான்னு பரீட்சை வெப்போம். ஒண்ணுமே படிக்காத மக்குகூட குருட்டாம்போக்குல டிக் அடிச்சு பத்துக்கு நாலு வாங்கிடும். நீ பத்துக்கு..."

அக்கா நிறுத்தினாள். முப்பது வருட அனுபவம் கொஞ்சம் தாமதமாகத்தான் வேலை செய்தது. பத்துக்குப் பத்தும் தப்பாக எழுத எந்த மக்காலும் முடியாது. அதற்குப் பத்துக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும்.

"உனக்கு நல்லா ஆடத் தெரியும்."

அவள் கிளிப்புகளைக் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு நல்லா கத்துக்கொடுப்பாரு அண்ணி."

"அப்புறம் ஏன் இப்படி?"

"பதினாலு ஆபீஸ்ல வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் அங்க தோத்துட்டுத்தான் வர்றாரு. வீட்டை விட்டுக் கிளம்பும்போதாவது ஜெயிச்ச மனுஷனா கிளம்பட்டுமே."

சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. அது அவளுக்குப் பழக்கமில்லாத சமாசாரம்.

பதினைந்தாவது ஆபீஸும் கையை விரித்தது.

மூன்று நாள் கழித்து அடுத்த இன்டர்வியூ. காலையில் தம்பிக்கு வழக்கம்போல வயிற்றுவலி. அவன் பெண்டாட்டி சீட்டை எடுத்து வைத்தாள். அக்கா தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் போடுடா."

அக்கா கையில் பத்தொன்பது. தம்பி பக்கம் அஞ்சு. சின்னப் பிள்ளைகூட அசையாமல் உட்கார்ந்து ஜெயிக்கிற கை. அக்கா சீட்டைப் பார்த்தாள், தம்பி முகத்தைப் பார்த்தாள், மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"இன்னொரு சீட்டு."

எட்டு வந்தது. இருபத்தேழு.

தம்பி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

"அக்கா, உனக்கு இவளே தேவலை! முப்பது வருஷமா எந்தப் புள்ளைங்க தலையெழுத்துக்கா, உன்கிட்ட கணக்குப் படிச்சுது?"