மாமியாருக்குச் சொன்ன படம்

“என்ன சொல்கிறாள் அவள்? ஏன் எல்லாரும் மூக்கைச் சிந்துகிறார்கள்?”

மீனாச்சி மருமகளின் முழங்கையை இடித்தாள். கேட்டது மலாயில். மலாக்காவின் காஜா பெராங் செட்டிகள் சாமி கும்பிடுவதில் நம்மவர்கள்தான். வீட்டில் பேசுவதென்னவோ மலாய். ரப்பர் தோட்டத்திலிருந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பூங்காவனத்துக்கு ஆறு வருடங்களாக இதுதான் சனிக்கிழமை வேலை. மாமியாரைத் தமிழ்ப் படத்துக்குக் கூட்டிவந்து, காதோரம் மலாயில் கதை சொல்ல வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் சொல்கிற கதையே தனி. திரையில் மருமகள் மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டால், “அவள் சுளுக்கு எடுக்க வந்த வைத்தியச்சி, மாக்” என்பாள்; மாக் என்றால் மலாயில் அம்மா. மாமியார் மருமகளை அறைந்தால், “கன்னத்தில் கொசு.” மீனாச்சியும் கடலையைக் கொறித்தபடி, “அப்படியா?” என்று கேட்டுக்கொள்வாள்.

இன்றைக்கு அப்படி விளையாட்டாகச் சொல்ல முடியவில்லை. நாளைக் காலை உஜோங் பாசிரிலிருந்து பெண் வீட்டார் வெற்றிலைத் தட்டோடு வருகிறார்கள். பூங்காவனத்துக்குப் பிள்ளை இல்லை என்று, மகன் கணபதிக்கு இரண்டாந்தாரமாகப் பத்மினி என்ற பெண்ணைப் பேசி வைத்திருந்தாள் மீனாச்சி. கணபதியைக் கேட்டால், “மாக் சொன்னால் சரி” என்று சட்டைப் பித்தானைத் திருகுவான். அவனெல்லாம் ஒரு ஆம்பிளை.

பாழாய்ப்போன படமும் இன்றைக்கென்று பார்த்து அதே கதை. பிள்ளை பெறாத கதாநாயகி, புருஷனுக்குத் தானே பெண் பார்த்து, மணவறையில் தன் கையாலேயே தாலியை எடுத்துக் கொடுத்தாள். அதற்கு ஒரு பாட்டு வேறு. கொட்டகையே விம்மியது.

“பொம்பளைன்னா இவதான் பொம்பளை!” என்றாள் பின்வரிசை அம்மாள் ஒருத்தி, தமிழில்.

பூங்காவனத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பினாள்.

“எழுதுனவன் ஆம்பிளை, எடுத்தவன் ஆம்பிளை. அவன் தன் பொண்டாட்டிக்கு ரெண்டாவது மாப்பிள்ளை பார்த்துத் தாலி எடுத்துக் குடுப்பானாம்மா? அப்படி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க. நானும் சேர்ந்து அழுறேன்.”

“ஐயே, வாயைப் பாரு!”

“என்ன சண்டை?” என்று மலாயில் கேட்டாள் மீனாச்சி.

“அவர்கள் நாற்காலியில் மூட்டைப்பூச்சியாம், மாக்.”

“ஓகோ. சரி, அந்தப் பெண் ஏன் தாலியை எடுத்துக் கொடுக்கிறாள்?”

 இதற்கு என்ன சுளுக்கு, என்ன கொசு சொல்வது?

“கொடுக்கவில்லை, மாக். கட்டவிடாமல் பிடுங்குகிறாள். அதோ, மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாரே, அவர் டாக்டர். குறை புருஷனிடம்தானாம். இன்னொருத்தி வந்தாலும் பிள்ளை பிறக்காது என்கிறார்.”

அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் பந்தலில் சமையலை மேற்பார்க்க வந்தவர்.

“மாமியார்க்காரி அழுகிறாளே?”

“பாவம் செய்துவிட்டேன் என்று அழுகிறாள், மாக். எனக்கு இந்த மருமகளே போதும் என்கிறாள்.”

திரையில் மாமியார் வடித்தது ஆனந்தக் கண்ணீர். அதைச் சொல்லப் பூங்காவனத்துக்கு என்ன பைத்தியமா?

கடைசியில் கதாநாயகி இருமி இருமிச் செத்தாள். இளையவள் பெற்ற குழந்தை, சுவரில் இருந்த அவள் படத்துக்கு மாலை போட்டது. அதற்குக் கைதட்டல்.

“செத்துவிட்டாளா?”

“இல்லை, மாக். ஊருக்குப் போயிருக்கிறாள். சீக்கிரம் வரவேண்டுமென்று மாலை போடுகிறார்கள். இந்தியாவில் அப்படித்தான்.”

“குழந்தை?”

“பக்கத்து வீட்டுக் குழந்தை.”

மீனாச்சி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூங்காவனம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். எத்தனையோ படங்களுக்கு அசையாத மனுஷி இன்றைக்கு அழுகிறாள்! பூங்காவனத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது மிதிவண்டி ரிக்‌ஷாவான பேச்சாவில் இருவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மெர்டேக்கா சுதந்திர விழாவுக்குக் கட்டிய தோரணங்கள் தெரு நெடுக ஆடின. மீனாச்சி வாயே திறக்கவில்லை. திறக்காததே நல்லது என்று பட்டது பூங்காவனத்துக்கு. மனசு மாறும்போது மனிதர்கள் அப்படித்தான் இருப்பார்கள். மாரியம்மா, இந்த ஒரு பொய் மட்டும் பலிக்கட்டும். இனி எந்தப் படத்துக்கும் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

பேச்சா வீட்டு வாசலில் நின்றது. பூங்காவனம் மாமியாரைக் கைபிடித்து இறக்கிவிட்டாள். மீனாச்சி அந்தக் கையை விடாமல் வைத்திருந்தாள். அதுவே தைரியம் கொடுத்தது.

“மாக், நாளைக்கு அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா?”

பேச்சாக்காரன் தெருமுனை திரும்புவதை மீனாச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பூங்காவனத்தைப் போலவே தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து வளர்ந்தவளின் தமிழில், ஒரு சொல் தடுமாறாமல் பேசினாள்.

“நானும் இப்படித்தான் டாக்டரு சொன்னாரு, குறை என் புருஷன்கிட்டதான்னு என் மாமியார்கிட்ட பொய் சொல்லிப் பார்த்தேன்டி, கடைசியில அழுதுக்கிட்டே தாலியை எடுத்துக் குடுத்தேன், ரெண்டாவதா வந்தவ ஒரு பிள்ளையைப் பெத்துப் போட்டுட்டுச் செத்தா, அந்தப் பிள்ளைதான் உன் புருஷன். நாளைக்கு நல்ல சேலையா கட்டிக்க, வர்றவங்களை நீதான் வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்லணும்.”